சித்ரலதா பள்ளியின் முதல் பெஞ்சுக்காரர்களைத் தேடி

பாங்காக், சித்ரலதா பள்ளி நிர்வாகத்தினருக்கும் அங்கே படித்த மூத்த மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு தமிழாசிரியர். என்னை முதலில் இழுத்தது உங்கள் பள்ளியின் பெயர்தான். பௌத்த நூல்களில் இந்திரனுடைய தோட்டங்களில் ஒன்று சித்தலதா. அந்தப் பெயரில் ஓர் அரண்மனை, அதன் வளாகத்தில் மன்னர் பூமிபோல் உண்டாக்கிய நெல்வயல், பால்பண்ணை, மீன்குளம், நடுவே பிள்ளைகளின் இரைச்சல். நினைக்கவே நன்றாக இருக்கிறது.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. 1862-இல் மன்னர் மோங்குட் அன்னா லியோனோவன்ஸை ஆங்கிலம் கற்பிக்க வரவழைத்தபோது, எதிரே உட்கார்ந்தவர்கள் அரசரின் மனைவியரும் பிள்ளைகளும்தான். 1955-இல் பூமிபோல் தன் மூத்த மகள் உபோல்ரத்தனாவுக்காக அரண்மனைக்குள் பள்ளி தொடங்கியபோது, அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்தார். இளவரசிக்கு அப்போது நான்கு வயது இருக்கும்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு ஆவல். தாய்லாந்து மொழியில் அரச குடும்பத்தாருக்கென்றே 'ராச்சாசப்' என்று தனிச் சொற்கள் உண்டு. (நம் 'ராஜ சப்தம்'தான்.) அவர்கள் சாப்பிடுவதற்கும் தூங்குவதற்கும்கூட வேறு சொல். சரி, நான்கு வயதுப் பையன் பக்கத்தில் இருக்கும் இளவரசியிடம் பென்சில் கேட்க எந்தச் சொல்லை எடுத்திருப்பான்? ஓட்டப்பந்தயத்தில் முந்தியவன் அன்று வீட்டில் திட்டு வாங்கினானா? 1972-இல் மேல்நிலைக் கலைப் பிரிவுத் தேர்வில், இதே பள்ளியில் படித்த பூமிபோலின் இன்னொரு மகள், இளவரசி சிரிந்தோன், நாட்டிலேயே முதலிடம் பெற்றார். அது எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பரீட்சைக்குப் படித்தவரின் கதை எங்கே?

அந்த முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது எழுபத்தைந்து வயதை ஒட்டி ஆகியிருக்கும். அவர்களை உட்கார வைத்து, பேசவிட்டு, பதிவு செய்யுங்கள். மரியாதைக்காக எதையும் வெட்டாமல், சண்டை போட்டதையும் சேர்த்து.

இதில் ஒரு தமிழனுக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். உங்கள் நகரத்து தேவஸ்தான் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் திரியம்பவாய், திரிபவாய் என்று சடங்கு நடத்தி ஓதுகிறார்கள். அந்தப் பெயர்கள் எங்கள் திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்தவை. ஒலி பல தலைமுறை தாண்டி வந்துவிட்டது, பொருள் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது. அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் போன காலம் எது என்று இன்று யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் முதல் வகுப்புக்காரர்களிடம் இன்னும் கேட்கலாம்.

பதிவு தாய்லாந்து மொழியிலேயே இருக்கட்டும். அப்புறம் யாராவது தமிழில் கொண்டுவந்தால், அந்தப் பென்சில் விஷயத்தை என் வகுப்பில்தான் முதலில் வாசிப்பேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்