பட்டிப்பூவை அவிச்சுக் குடிக்கச் சொல்லாதீங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல பூ மருத்துவம் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. ஆவரசு, செவ்வரத்தை, நித்தியகல்யாணி எண்டும் சொல்லுற பட்டிப்பூ மூண்டையும் ஒரே வரிசையில வச்சு, எல்லாத்திலயும் அன்ரிஒக்சிடன்ட் (உடம்பு பழுதாகாமக் காக்கிற சத்து எண்டு சொல்லுறது) இருக்கு, பக்டீரியாவைக் கொல்லும், காலமை வெறும் வயித்தில அவிச்சுக் குடிச்சா சீனி வருத்தமும் குறையும் எண்டு போட்டிருந்தீங்கள். அதை வாசிச்சிட்டு உப்புவெளியில இருக்கிற எங்கட பெரியம்மா, படலையடியில நிண்ட பட்டிப்பூவை இலையும் பூவுமா ஆய்ஞ்சு மூண்டு நாள் அவிச்சுக் குடிச்சிருக்கிறா. சீனிக்குளிசையையும் நிப்பாட்டிப்போட்டா. வியாழக்கிழமை சத்தியும் தலைச்சுத்துமா ஆஸ்பத்திரிக்கு ஓடினம், இப்ப பரவாயில்லை.

நான் பூ மருந்துக்கு எதிரான ஆள் இல்லை, எங்கட அப்பப்பா பரியாரியார். விடியப்புறம் நிலாவெளிப் பக்கம் போய் ஆவரசம்பூ ஆய்ஞ்சு வந்து பாயில பரவி நிழல்லதான் காய விடுவார், வெயில்ல போட்டா அந்த மஞ்சள் செத்துப்போகும் எண்டு சொல்லுவார். சிங்களச் சனம் ரணவரா எண்டு குடிக்கிறதும் அதேதான். ஆனா பட்டிப்பூவை அவர் சாமிக்கு மட்டும்தான் ஆய்வார்.

அந்தப் பட்டிப்பூவிண்ட கதை கொஞ்சம் கேளுங்கோ. ஜமேக்காவிலயும் சனம் அதைச் சீனிக்கெண்டு அவிச்சுக் குடிச்சதாம், 1952இல அந்த இலையைக் கனடாவுக்கு அனுப்பி சோதிச்சவை, சீனி குறையேல்ல, ஆனா அந்தச் சாறை ஊசியால ஏத்தின எலியளிண்ட ரத்தத்தில வெள்ளை அணு குறைஞ்சு கிருமித்தொற்றில செத்துப்போச்சுதுகள். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் 1958இல வின்பிளாஸ்டின் எண்ட புற்றுநோய் மருந்தைப் பிரிச்செடுத்தவை, அதே செடியில இருந்து வந்த வின்கிறிஸ்டின் இண்டைக்கும் சின்னப்பிள்ளையளிண்ட ரத்தப் புற்றுநோய்க்கு அளந்து அளந்து ஏத்துற மருந்து. கிருமியோட சண்டை பிடிக்கிற அணுவையே குறைக்கிற செடியைக் கிருமியைக் கொல்லும் எண்டு குடிக்கச் சொன்னா என்ன நியாயம்?

பக்டீரியாவைக் கொல்லும் எண்டுறதையும் விளங்கி எழுதோணும். கிருமி வளர்க்கிற ஏகார் தட்டில கிருமியைப் பூசி, பூச்சாறில நனைச்ச சின்னக் கடதாசி வட்டத்தை நடுவில வைப்பினம், சுத்திவரக் கிருமி வளராம ஒரு தெளிஞ்ச வளையம் வந்தா அதை மில்லிமீற்றர்ல அளப்பினம். பிளீச்சிங் பவுடர் கரைச்சு வச்சாலும் அந்த வளையம் வரும், அதுக்காக அதைக் குடிக்கேலுமா? அன்ரிஒக்சிடன்டும் அப்பிடித்தான், ஊதா நிறக் கரைசல் மஞ்சளா மாறுறதைப் பார்த்துச் சொல்லுறது, அது சோதனைக் குழாய்க்குள்ள நடக்கிற விசயம். அதோட கனக்க இடத்தில சாறு எடுக்கிறது மெதனோல் எண்ட ஸ்பிரிட்டில. அது நஞ்சு, நாங்கள் அவிக்கிறது பச்சைத்தண்ணியில, ரெண்டிலயும் இறங்கிறது ஒரே சத்தில்லை.

இதெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் எங்கட ஊரிலயே இருக்கினம், கோணேசபுரியில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில சித்த மருத்துவம் படிப்பிக்கினம்தானே, அவையிட்டக் கேட்டுப்போட்டு எழுதுங்கோ. எந்தப் பூ, எந்தப் பாகம், எதில ஊறவச்சது, மனிசருக்குக் குடுத்துப் பார்த்ததா இல்லையா எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி போட்டாக் காணும்.

பட்டிப்பூ பற்றின திருத்தத்தை வாற ஞாயிறே, அதே பக்கத்தில, அதே அளவு எழுத்தில போடுங்கோ ஐயா. பெரியம்மா அந்த அரைப்பக்கத்தை வெட்டிப் பக்கத்து வீட்டுக்கும் குடுத்திருக்கிறா.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருகோணமலை.