'ஏன்' என்று கேட்டுவிட்டு ஏபிசிடி கொடுப்பதா?

அன்பு ராணி,

தீபாவளி வாழ்த்தோடு சரி, அப்புறம் ஆளையே காணோம் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. அம்மா நலம், முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. உன் பெரியவன் நான்காம் படிவம் போய்விட்டானாமே, மேரி அக்கா சொன்னார். கணக்கிலாவது உன்னைப்போல் இல்லாமல் இருக்கட்டும், மக்தாபில் (ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில்) உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து நாங்கள் பட்டது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். சுங்கை சிப்புட் பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்து ஐந்தாம் ஆண்டு அறிவியலுக்கு கூகள் ஃபார்மில் ஒரு மதிப்பீடு தயாரிக்கிறோம். துருப்பிடித்தல் என் பங்கு. 'விளக்குக' என்று நான் எழுதிக்கொடுத்த கேள்விகளை எல்லாம் ஏபிசிடி, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளாக ஆக்கச் சொல்கிறார்கள். கணினியே திருத்திவிடுமாம், ஆசிரியருக்கு வேலை மிச்சமாம். வேலை மிச்சம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும் ராணி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன் கேள். நான்கு ஆணிகளில் எது துருப்பிடிக்காது என்று கேட்டேன். எண்ணெய் பூசியது என்று வகுப்பே சரியாகச் சொன்னது. ஏன் என்று தாளில் எழுதச் சொன்னேன். ஒருத்தி, "எண்ணெய் வழுக்கும், அதனால் துரு ஒட்டாது" என்று எழுதியிருக்கிறாள். துரு எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டிக்கொள்கிற பொருள் என்பது அவள் நினைப்பு. பின்வரிசைப் பையன் ஒருவன், "எங்க அப்பா செம்பனை வெட்டுற அரிவாளுக்கு எண்ணெய் போட்டு வைப்பாரு, தண்ணியும் காத்தும் இரும்பத் தொடாது" என்று எழுதினான். எழுத்துப்பிழை ஏகப்பட்டது, ஆனால் அறிவியல் அத்தனையும் அதில் இருக்கிறது. ஏபிசிடியில் இந்த இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண்! பிள்ளைக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அடைவுநிலை 1 முதல் 6 வரை பிரித்துப் பதியச் சொல்கிறார்களே, எதை வைத்துப் பிரிப்பது?

யூபிஎஸ்ஆர், அந்த ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு, 2021இல் போனபோது நாம் எப்படிச் சந்தோஷப்பட்டோம்! அந்தத் தேர்விலேயே அறிவியலுக்கு எழுதி விடையளிக்கும் பகுதி இருந்தது. இப்போது அதற்கும் கீழே இறங்கவா?

சரி, எல்லாவற்றையும் எழுதவே வைக்கலாமா என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. சிறுவிடைப் பெட்டி வைத்தால் நாம் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கணினி மதிப்பெண் போடும். நாம் 'நீர்' என்று பதிந்து வைத்திருக்க, பிள்ளை 'தண்ணீர்' என்று போட்டால் தவறு. பெரிய பெட்டியை, அந்தப் பத்தி எழுதுகிற பெட்டியை, நாம்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். அது பரவாயில்லை. கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி பழகிய பிள்ளை சடசடவென்று தட்டிவிடும், ஆனால் கணினி அறையில் ண, ன, ந மூன்றுக்கும் எந்த விசை என்று தேடுவதற்குள் சொல்ல வந்தது மறந்தேபோகிற பிள்ளைகள் எத்தனை பேர்! மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது அறிவியல் குறையா, தட்டச்சுக் குறையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் விளக்கத்தைத் தாளில் எழுதி, படம் பிடித்து ஏற்றவும் ஒரு வழி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஃபார்மில் கோப்பு ஏற்றும் வசதி இருக்கிறது, கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளக் கணக்கு பிள்ளைகளிடம் இருக்கிறது, அப்புறம் என்ன தடை?

குழுவில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு யோசனை சொன்னார். என்ன நடந்தது என்று ஒரு பெட்டி, ஏன் நடந்தது என்று இன்னொரு பெட்டி. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாருக்கும் அப்படியே வைத்தால், காரணத்தையும் விளைவையும் 'ஏனென்றால்', 'அதனால்' போட்டுப் பிள்ளை தானே இணைக்க வேண்டிய வேலையை நம் பெட்டிகளே செய்துவிடும். விளக்கம் என்பதே அந்த இணைப்புதானே.

நான் கேட்பது ஈரடுக்குக் கேள்வி. முதலில் விடையைத் தேர்ந்தெடு, அடுத்து அதற்குக் காரணத்தைச் சொல். ஆஸ்திரேலியாவில் டேவிட் டிரெகஸ்ட் என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1988இலேயே இந்த முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். காரணத்தையும் தேர்ந்தெடுக்கவே வைக்கலாம், கணினியே திருத்தும். ஆனால் அந்தத் தவறான காரணங்களை நாம் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யக்கூடாது, பிள்ளைகள் எழுதியதிலிருந்தே எடுக்க வேண்டும். 'வழுக்கும், ஒட்டாது' என்பது எனக்கோ உனக்கோ தோன்றியிருக்குமா? அப்படிச் சில கேள்விகள் போதும், அதோடு ஒரே ஒரு கேள்வியாவது முழுக்கப் பிள்ளையின் சொந்த வார்த்தையில் இருக்கட்டும். அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முப்பது தாள் என்றாலும் நானே திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். உன் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடமும் அந்த ஆணிக் கேள்வியைக் கொடு. ஏன் என்று மட்டும் கேள், குறிப்பு எதுவும் கொடுக்காதே. எழுதியதைத் திருத்தாமல் அப்படியே படம் பிடித்து வியாழன் இரவுக்குள் வாட்சப்பில் போட்டுவிடு. உன் கூலிம் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதும் கையில் இருந்தால், என் வகுப்பில் மட்டும்தான் இப்படி என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அன்புடன்,
செல்வி