ஒளிக்க ஒன்றும் இல்லை, உட்கார ஸ்டூலும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'ஸ்பெக்டர்' என்ற கலைப்படைப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2019-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆவணப்பட விழாவில் பில் போஸ்டர்ஸ், டேனியல் ஹோ என்ற இரு கலைஞர்கள் வைத்த படைப்பு. பார்க்க வருகிறவரின் தரவை வாங்கி அவர் குணத்தையே கணித்துச் சொல்வது, ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க் சொல்லாததை அவர் வாயாலேயே சொல்லவைத்த டீப்ஃபேக் என்கிற போலி வீடியோ, எல்லாம் கட்டுரையாளர் நன்றாகத்தான் விளக்கியிருந்தார். கடைசியில் ஒரு வரி எழுதினாரே, "ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் கேமராவுக்கு ஏன் பயப்பட வேண்டும்?" என்று. ஐயா ஒரு நாள் ஜவுளிக்கடையில் நின்று பார்க்கட்டும்.

நான் தி.நகரில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். கல்லாவுக்கு மேலே கேமரா இருந்தால் திருட்டுக்கு என்று சொல்லலாம். எங்கள் தலைக்கு மேலேயும் ஒன்று. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கால் கடுத்துத் தூணில் சாய்ந்தால் போதும், சூப்பர்வைசருக்குப் போன் வரும்: "மூணாவது கவுண்டர்ல யாரு சாயறது?" நாங்கள் ஒளித்து வைத்திருந்தது வீங்கிய காலைத்தான். 2021-ல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஸ்டூலும் வந்தது. அப்புறம் கேமரா ஸ்டூல் பக்கம் திரும்பிவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சட்டத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குவீர்கள் என்று பார்த்தேன்; நடிகையின் கல்யாண ஆல்பம்தான் வந்தது. நான் எழுதிய கடிதமும் வரவில்லை. பரவாயில்லை, இடநெருக்கடி இருந்திருக்கும்.

ஷெஃபீல்டில் பிடிக்காதவர் வெளியே வந்துவிடலாம். எங்களுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இன்னொன்று. அந்த ஸக்கர்பெர்க் வீடியோவை இன்ஸ்டாகிராம் நீக்கவில்லை. அதே கலைஞர்கள் செய்த, அமெரிக்க டி.வி. பிரபலம் கிம் கார்டாஷியன் பேசுவது போன்ற போலி வீடியோவை யூடியூப் தூக்கியது, பொய் என்பதற்காக அல்ல, காப்புரிமைப் புகார் வந்ததால். முகம் போனால் போகட்டும், முதலாளியின் சரக்கு போகக் கூடாது. எங்கள் கடையிலும் இதே கணக்குதான். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கட்டுரையோடு போட்ட ஸக்கர்பெர்க் படம் நிஜமா, செய்ததா என்று கீழே ஒரு வார்த்தை இல்லை. 2024 ஜனவரியில் மறைந்த கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசுவதுபோல் கணினியில் செய்து காட்டியதை என் அம்மா இன்றும் பழைய ஒளிப்பதிவு என்றே சொல்கிறார். அவரும் உங்கள் வாசகிதான். இனி இப்படிப் படம் போட்டால் 'கணினியில் செய்தது' என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் ஒரு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை முன்னாள் ஊழியர், சென்னை