சுட வச்சாலும் போகாது கண்ணு

கண்ணு,

தண்ணிய நல்லா தளதளன்னு கொதிக்க வச்சு ஆறவச்சு குடின்னு அம்மா சொல்றது நம்ம ஊருக்கு சரி. நீங்க இப்ப சிகாகோவுல குடி போயிருக்கற அந்த பழைய டூ ஃப்ளாட் வீட்டுக்கு அது பத்தாது, அங்க குழாய் தண்ணில காரீயம் இருக்கலாம், அது கொதிக்க வச்சா போகாது, நீ வயித்துல புள்ளையோட வேற இருக்க. போன்ல நடுவுல புகுந்து சொன்னா அம்மாவுக்கு கோவம் வரும், நான் சொல்றதும் பாதிதான் உன் காதுல விழும், அதான் உக்காந்து டைப் பண்றன். நீளமாத்தான் இருக்கும், முழுசா படி, மாப்பிள்ளைக்கும் ஃபார்வர்ட் பண்ணு.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறன், உங்க ஊர் தண்ணி மோசமான தண்ணி இல்ல. மிச்சிகன் ஏரிக்குள்ள கரையில இருந்து ரெண்டு மைல் தள்ளி எடுக்கறாங்க, நேவி பியர் பக்கத்துல ஜார்டின் பிளான்ட்ல சுத்தம் பண்றாங்க, உலகத்துலயே ரொம்ப பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள்ல அது ஒண்ணு. ஏரியில சாக்கடை கலக்கக் கூடாதுன்னு 1900லயே ஆத்தோட ஓட்டத்தையே திருப்பி விட்ட ஊரு அது. வாட்டர் போர்டு லேப்ல இத்தனை வருஷம் பாட்டிலும் பைப்பெட்டுமா இருந்த எனக்கே அந்த பிளான்ட்ட ஒரு தடவ உள்ள போய் பாக்கணும்னு ஆசை, அடுத்த சம்மர்ல வந்தா மாப்பிள்ளைய விசாரிக்க சொல்லு, உள்ள விடுவாங்களான்னு. குழாய தொறந்தா லேசா குளோரின் வாசனை வருதுன்னு சொன்னல்ல, அது நல்லதுதான், வழியில கிருமி சேராம இருக்கத்தான் அந்த மிச்ச குளோரின். ஃப்ளோரைடு கலக்கறாங்கன்னு மாப்பிள்ளை பயந்தாரே, லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்தான், நம்ம தர்மபுரி பக்கம் போர்வெல்ல நான் பாத்த நம்பருக்கு அது ஒண்ணுமே இல்ல.

சிக்கல் கடைசி கொஞ்ச தூரத்துல இருக்கு. ரோட்டுக்கு அடியில ஓடற மெயின் லைன்ல இருந்து உங்க வீட்டுக்குள்ள வர்ற சின்ன பைப், சர்வீஸ் லைன்னு சொல்லுவாங்க, அது லெட் பைப்பா இருக்கறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. லெட்டுன்னா காரீயம். சிகாகோவுல 1986 வரைக்கும் இந்த மாதிரி சின்ன வீடுகளுக்கு லெட் பைப்தான் போடணும்னு சிட்டி ரூல்லயே இருந்துச்சு, அந்த வருஷம் நாடு முழுக்க தடை வந்தப்பறம்தான் நிறுத்தினாங்க, இப்பவும் சுமார் 4 லட்சம் லைன் மண்ணுக்குள்ள கெடக்குது, அமெரிக்காவுலயே வேற எந்த ஊர்லயும் இவ்வளவு இல்ல. முன்னாடி நீங்க இருந்த மாடி மாடியா அடுக்கின பில்டிங்குக்கு இந்த பிரச்சனை பெருசா இல்ல, ஏன்னா பெரிய பில்டிங்குக்கு தடிமனான பைப் வேணும், அத லெட்ல போட மாட்டாங்க. ரெண்டு குடித்தனம் இருக்கற செங்கல் வீடு, 1920ல கட்டினதுன்னு வேற நீ சந்தோஷமா சொன்ன, அதக் கேட்டதுல இருந்தே எனக்கு இதே நினைப்புதான்.

பிளான்ட்ல தண்ணிக்கு பாஸ்பேட் கலந்துதான் அனுப்பறாங்க, அது பைப்புக்கு உள்பக்கம் ஒரு படலமா படிஞ்சு லெட்ட தண்ணியோட ஒட்ட விடாம தடுக்கும். ஆனா அந்த படலத்த நம்பி மட்டும் இருக்க முடியாது, ரோட்ட தோண்டினாலோ மெயின் பைப்ப மாத்தினாலோ ஆடி உதிரும். பக்கத்து ஸ்டேட்ல ஃப்ளின்ட்னு ஒரு ஊரு, 2014 ஏப்ரல்ல செலவ கொறைக்கறோம்னு டெட்ராய்ட்ல இருந்து வந்த தண்ணிய விட்டுட்டு அவங்க ஊர் ஆத்துத் தண்ணிய எடுத்தாங்க, அரிப்பு தடுக்கற மருந்த கலக்கவே இல்ல. அந்த தண்ணி பைப்ப அரிச்சு லெட்ட வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுச்சு. ஜனங்க கலங்கின தண்ணிய பாட்டில்ல புடிச்சு கொண்டுபோய் காட்டியும் ஆபீசருங்க தண்ணி நல்லாருக்குன்னே சொல்லிட்டு இருந்தாங்க, 2015ல மோனா ஹன்னா-அட்டிஷான்னு ஒரு குழந்தை டாக்டரம்மா குழந்தைங்க ரத்த ரிப்போர்ட்ட எடுத்து வச்சு காட்டினப்பறம்தான் ஒத்துக்கிட்டாங்க. அந்த ஆபீசருங்கள நெனச்சா எனக்கு இன்னிக்கும் எரியும், தண்ணி லேப்ல இருந்தவனுக்கு அது தெரியாம இருக்க முடியாது.

இப்ப கொதிக்க வைக்கற கதைக்கு வர்றன். கொதிச்சா கிருமி சாகும். லெட்டு உசிரு உள்ள வஸ்து இல்ல, சாகறதுக்கு. தண்ணி ஆவியா போகும், லெட்டு அப்படியே பாத்திரத்துல நிக்கும், ஒரு லிட்டர் முக்கால் லிட்டரா சுண்டினா மிச்ச தண்ணில லெட்டு கூடத்தான் செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்கள்ல ஃப்ளோரைடுக்கும் இதே கதைதான், பல்லெல்லாம் பழுப்பு பழுப்பா கறை ஏறிப்போன பசங்க, அம்மாக்காரிங்க பாவம் வெறகு எரிச்சு எரிச்சு தண்ணி காய்ச்சி குடுப்பாங்க, காய்ச்சறதால ஒரு புண்ணியமும் இல்லன்னு நாங்க எத்தனையோ ஊர்ல சொல்லியிருக்கோம். கடைசில ஒகேனக்கல் காவிரித் தண்ணிதான் அதுக்கு வழியாச்சு.

இன்னொண்ணு, சூடு தண்ணி வர்ற குழாயில இருந்து சமையலுக்கு புடிக்காத. சீக்கிரம் கொதிக்கும்னு சாதத்துக்கு அதுல புடிக்கறன்னு அம்மாகிட்ட சொன்ன, சூடு தண்ணி லெட்ட இன்னும் வேகமா கரைச்சு எடுத்துட்டு வரும். எப்பவும் பச்சத் தண்ணி குழாய்தான், காபிக்கும் அதுதான். குளிக்கறதுக்கு பயமில்ல, தோல் வழியா லெட்டு உள்ள போகாது.

போன தடவ நீ வந்தப்ப எடுத்துட்டு போனியே அந்த பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர், அத வச்சு 160 காட்டுது சூப்பர் தண்ணின்னு ஃபோட்டோ அனுப்பின. ஏரித் தண்ணி 200க்குள்ளதான் காட்டும், அது சரி. ஆனா அந்த மீட்டருக்கு லெட்டு தெரியாது கண்ணு. அது காட்டறது லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு, லெட்டுக்கு அமெரிக்காவுல நடவடிக்கை எடுக்கணும்னு 1991ல வச்ச அளவு 15 பிபிபி, அதாவது லிட்டருக்கு 0.015 மில்லிகிராம், 160 எங்க இது எங்க. குடிக்க தகுதியே இல்லாத அளவு லெட்டு இருந்தாலும் அதே 160தான் காட்டும். கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் வராது, ருசியும் மாறாது. குழந்தைங்களுக்கு இவ்வளவு வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாது, இபிஏன்னு அவங்க சுற்றுச்சூழல் துறை வச்ச குறிக்கோளே பூஜ்யம்தான். மூளை வளர்ற வயசுல அத தொட்டுடும், பின்னாடி மருந்து குடுத்து திருப்ப முடியாது. வயித்துல இருக்கும்போதே தாய் வழியா போகும், அதனால பொறந்தப்பறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாத, இன்னிக்கே ஆரம்பி.

முதல்ல பேஸ்மென்ட்டுக்கு மாப்பிள்ளைய அனுப்பு, நீ அந்த படிக்கட்டு எறங்க வேணாம். வாட்டர் மீட்டருக்கு முன்னாடி, தரைல இருந்தோ சுவத்துல இருந்தோ உள்ள வர்ற பைப் இருக்கும். ஒரு சாவியால லேசா சுரண்ட சொல்லு. பளபளன்னு வெள்ளி மாதிரி தெரிஞ்சு, மெத்துன்னு இருந்து, காந்தம் வச்சா ஒட்டலன்னா அது லெட்டு. காந்தம் ஒட்டினா இரும்பு. செம்புக்காசு கலர்ல இருந்தா காப்பர், நிம்மதி. சுரண்டின கைய சோப்பு போட்டு கழுவ சொல்லு. சிட்டி வாட்டர் டிபார்ட்மென்ட் சைட்ல அட்ரஸ் போட்டும் பாக்கலாம், ஆனா பழைய ரெக்கார்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், கண்ணால பாத்ததே மேல். வீட்டு ஓனர் நாங்க முப்பது வருஷமா இதத்தான் குடிக்கறோம் ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவாரு, சிரிச்சிட்டு வந்துடு.

அப்பறம் ஃபில்டர். இதுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. அட்டைல பெருசா சுத்தமான தண்ணின்னு போட்டிருக்கறத பாக்காத, பின்னாடி பொடி எழுத்துல என்எஸ்எஃப்ங்கற தர முத்திரையோட 53னு நம்பர் இருக்கான்னு பாரு, அதுக்கு பக்கத்துலயே லெட் ரிடக்‌ஷன்னு தனியா எழுதியிருக்கணும். 42னு மட்டும் இருந்தா அது குளோரின் வாசனையும் ருசியும் சரி பண்றதுக்கு மட்டும்தான், லெட்டுக்கு உத்தரவாதம் இல்ல. ஒரே கம்பெனியே ஒரே ஃபில்டர் ஜக்குக்கு ரெண்டு விதமா கேட்ரிட்ஜ் விக்கறான், ஒண்ணு லெட்ட எடுக்கும் ஒண்ணு எடுக்காது, விலை கம்மியா இருக்கறத எடுத்துட்டு வந்துட்டு ஃபில்டர் போட்டாச்சுன்னு நிம்மதியா இருக்கறவங்க எத்தனை பேரோ. ஃபிரிட்ஜ் கதவுல வர்ற தண்ணியும் அப்படித்தான், உள்ள இருக்கற ஃபில்டர் என்ன நம்பருன்னு பாத்துட்டுதான் குடிக்கணும். கேட்ரிட்ஜ சொன்ன தேதிக்கு மாத்திடு, நம்ம வீட்டு கேண்டில் ஃபில்டர அம்மா தேச்சு தேச்சு அஞ்சு வருஷம் ஓட்டின மாதிரி ஓட்டாத.

நம்ம ஊர் பழக்கத்துல ஆர்ஓ போட்டுடலாம்னு மாப்பிள்ளை சொன்னாராம். போட்டா லெட்டும் போகும், தப்பில்ல, அதுக்கு 58னு சர்டிஃபிகேட் பாக்கணும். ஆனா சென்னைல ஆயிரத்துக்கு மேல டிடிஎஸ் இருக்கற போர் தண்ணிக்குத்தான் ஆர்ஓ, நல்ல ஏரித் தண்ணிய எடுத்து பாதிக்கு மேல சாக்கடைல விடறதுக்கு எனக்கு மனசு வரல, வாடகை வீட்டுல சிங்க்குக்கு கீழ ஓட்டை வேற போடணும். பாட்டில் தண்ணி கேஸ் கேஸா தூக்கிட்டு மாடி ஏற வேணாம், ஃபில்டர் வந்து சேர்ற வரைக்கும் குடிக்க மட்டும் ரெண்டு கேஸ் வாங்கிக்க.

காலைல எழுந்ததும் முதல் குழாய் தண்ணிய குடிக்காத, ராத்திரி முழுக்க பைப்புக்குள்ள ஊறின தண்ணி அது. நீங்க ரெண்டு பேரும் குளிச்சு முடிச்சா பாதி வேலை தானா ஆயிடும், அதுக்கப்பறம் கிச்சன் குழாய கொஞ்ச நேரம் ஓட விட்டு ஃபில்டர்ல புடி. குழாய் நுனில இருக்கற வலைய மாசம் ஒரு தடவ கழட்டி கழுவு, லெட்டு துணுக்கு வந்து அங்கதான் தங்கும்.

குழந்தைக்கு பவுடர் பால் குடுக்கற மாதிரி ஆச்சுன்னா முதல்ல ஃபில்டர், அப்பறம் அந்த தண்ணிய கொதிக்க வச்சு ஆறவச்சு கலக்கு. இந்த வரிசைதான், மாத்திப் போட்டு சுடு தண்ணிய ஃபில்டர்ல ஊத்திடாத, கேட்ரிட்ஜ் கெட்டுடும். இப்படி பண்ணினா அம்மா சொன்ன மாதிரியும் ஆச்சு, சண்டை இல்ல. சிட்டில இருந்து எப்பவாவது பாயில் வாட்டர் நோட்டீஸ் வந்தா அப்ப கட்டாயம் கொதிக்க வைக்கணும், ஜக் ஃபில்டர் கிருமிய கொல்லாது.

அப்பறம் அம்மா பிரசவத்துக்கு வரும்போது ஈயச்சொம்பு எடுத்துட்டு வர்றன்னு பேக் பண்ணி வச்சிருக்கா, ரசம் அதுல வச்சாத்தான் ரசமாம். நல்ல வெள்ளீயமா இருந்தா பிரச்சனை இல்ல, ஆனா காரீயம் கலந்து விக்கறாங்க, புளி ஊத்தி கொதிக்க வச்சா இறங்கும். நான் பேச்சுவாக்குல வெளிய எடுத்து வச்சுடறன், நீயும் வேணாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கடைல வாங்கற கண் மையும் வேணாம், அதுலயும் சிலதுல லெட்டு இருக்கு. நீங்க இருக்கற வீடு அவ்வளவு பழசுன்னா தண்ணிய விட பெயிண்ட்டுதான் பெரிய விஷயம், 1978க்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்ல லெட்டு இருக்க வாய்ப்பு அதிகம், ஜன்னல தூக்கி எறக்கும்போது தூளா கொட்டும். ஈரத்துணியால தொடை, நீ சுரண்டற வேலை எதுவும் வச்சுக்காத. ஒரு வயசுல குழந்தைக்கு ரத்தத்துல லெட் டெஸ்ட் எடுக்கறத டாக்டர்கிட்ட நீயா கேட்டுடு.

நாளைக்கு சிட்டி ஹெல்ப்லைன் 311க்கு போன் பண்ணு, தண்ணி டெஸ்ட் கிட் சிட்டில ஃப்ரீயா குடுக்கறாங்க. ராத்திரி தண்ணி எதுவும் தொறக்காம வச்சிருந்து காலைல முதல்ல வர்றத ஒரு பாட்டில்ல, கொஞ்சம் ஓட விட்டு அடுத்தடுத்தத மத்த பாட்டில்ல, அவங்க பேப்பர்ல சொன்ன மாதிரியே புடிக்கணும். ஃபில்டர் தண்ணிய புடிச்சு அனுப்பிடாத, வெறும் குழாய் தண்ணி. வர நாளாகும், அதுக்குன்னு ஃபில்டர் வாங்காம காத்திருக்காத. ரிசல்ட் வந்ததும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு, நம்பர் மட்டும் எடுத்தா எனக்கு ஒண்ணும் புரியாது, பக்கத்துல யூனிட்டு பிபிபியா, அத விட ஆயிரம் மடங்கு பெரிய பிபிஎம்மான்னு தெரியற மாதிரி எடு.

அப்பா