புகை வருவதை முதல் நாளே சொல்லுங்கள்

வடசென்னையின் கொசு ஒழிப்பு, சாலை, குப்பைப் பணிகளுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் தண்டையார்பேட்டையின் ஒரு சந்தில் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். மாலை ஆறேகால் மணி. அதே சந்தில் பழைய தாரைச் சுரண்டிப் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. இரண்டு வேலைக்குமே முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு அங்கிருந்து இரண்டு பேர் மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். இருவருக்கும் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

டெங்கு காலத்தில் புகையே அடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: முதல் நாளே சொல்லுங்கள்.

புகை இயந்திரம் பூச்சிமருந்தை டீசலில் கலந்து சூடாக்கி நுண்துளிகளாக வெளியேற்றுகிறது. அதை ஏன் அந்தி நேரத்தில் அடிக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்நேரம் தரையை ஒட்டிய காற்று மேலெழும்பாது. புகை சீக்கிரம் கலையாமல் தாழவே தங்கும். கொசு பறக்கும் உயரத்தில்தான் கட்டிலில் சாய்ந்திருக்கும் நோயாளியின் மூக்கும் இருக்கிறது. ஏற்கெனவே வீங்கிக் குறுகிய மூச்சுக்குழாய் இந்தப் புகை பட்டதும் இன்னும் இறுகும், சளி கூடும். இழுத்த காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கும். நெஞ்சு உப்பிக்கொண்டே போகும். "மூச்சு உள்ளே போகவில்லை" என்பார் நோயாளி. உண்மையில் பழைய காற்று வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

"ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள்" என்பது எப்போதும் வரும் பதில். அந்தச் சந்து வீடுகளுக்குள் ஒருமுறை வந்து பாருங்கள். ஒரே அறை, ஒரே ஜன்னல், மேலே சிமெண்ட் ஷீட். அடுப்பும் அங்கேதான், நோயாளியின் கட்டிலும் அங்கேதான். ஜன்னலைச் சாத்தினால் மிளகாய் தாளிக்கும் நெடி வெளியேற வழியில்லை. ஷீட்டின் சூடு இறங்கி அறை கொதிக்கும். இளைப்பைத் தூண்டுபவற்றில் வெக்கையும் ஒன்று. கொசு வராமல் இருக்கச் சுருள் கொளுத்தினால் மூடிய அறைக்குள் இன்னொரு புகை சேரும். ஜன்னலைத் திறந்தாலோ உங்கள் புகையும் சாலைத் தூசியும் நேரே உள்ளே வரும். திறந்தாலும் கெடுதி, மூடினாலும் கெடுதி என்ற வீட்டில் இருப்பவருக்கு உள்ள ஒரே வழி, புகை கலையும் வரை அங்கே இல்லாமல் இருப்பது. அதற்கு நேரம் முன்பே தெரிய வேண்டும். பத்தடி நடந்தாலே நிற்க வேண்டியவரைப் புகை வந்த பிறகு எங்கே கூட்டிப்போவது?

முதல் நாள் சொன்னால் நடப்பது இதுதான். நோயாளி பக்கத்துத் தெரு உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார். அன்றாடம் இழுக்கும் தடுப்பு இன்ஹேலரை விடாமல் இழுப்பார். அவசர இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று வீட்டார் பார்த்துவைப்பார்கள். பல இன்ஹேலர்களில் 200 முறைக்கான மருந்துதான் உண்டு. அது தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சமிருப்பதால் அழுத்தினால் 'புஸ்' என்று வரும். இருக்கிறது என்று நம்பி வெறும் வாயுவை இழுத்துக்கொண்டு நள்ளிரவு வரை காத்திருப்பவர்கள் உண்டு. ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் குடுவை, இருந்தால் அதை வெளியே எடுத்துவைக்க வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு தடவை மட்டும் அழுத்தி, மெதுவாக இழுத்து, முடிந்தால் பத்து நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அரை நிமிடமாவது விட்டுத்தான் அடுத்தது. பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிவிடும். இதையெல்லாம் நிதானமாகச் செய்ய ஒரு நாள் அவகாசம் போதும்.

சாலை வேலைக்கும் இதே கோரிக்கைதான். பழைய தாரைச் சுரண்டிய மறுநாளே தார் போட முடியாது என்பது புரிகிறது. ஆனால் சுரண்டிய துகளைக் கூட்டி அள்ளாமல் மேலே தண்ணீர் தெளித்துவிட்டுப் போவதால் பயனில்லை. வெயிலில் அது சீக்கிரமே காய்ந்துவிடும். கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் போகும்போது மறுபடி கிளம்பும். முதலில் அள்ளுங்கள், பிறகு நனையுங்கள். சுரண்டும் நாளையும் தார் போடும் நாளையும் தெருமுனையில் எழுதி வையுங்கள்.

காற்றின் தரம் 'மிதமானது' என்றுதானே காட்டுகிறது என்று நீங்கள் கேட்கலாம். மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் அளவிடும் நிலையங்கள் இருப்பதை அறிவோம். அந்தக் காற்றுத் தரக் குறியீட்டின் விளக்கத்தையே படியுங்கள்: 101 முதல் 200 வரையிலான 'மிதமான' காற்று நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுச் சிரமம் தரும் என்றுதான் அதில் இருக்கிறது. மேலும் பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகளுக்கு அது 24 மணி நேரச் சராசரி. 22 மணி நேரம் ஒரு கனமீட்டரில் 40 மைக்ரோகிராம், குப்பை எரிந்த 2 மணி நேரம் மட்டும் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 70 மைக்ரோகிராம். அதைக் குறியீட்டு எண்ணாக மாற்றினால் 100-ஐத் தாண்டும், அதுவும் 'மிதமானது' தான். ஆனால் அந்த 2 மணி நேரமே ஒருவரைப் படுக்கையில் தள்ளப் போதும்.

"பீடி குடித்தால் இளைக்கத்தான் செய்யும்" என்ற பேச்சையும் இனி விட்டுவிடுங்கள். வாழ்நாளில் பீடியைத் தொடாமல் விறகடுப்பின் முன் வெந்த பெண்களும், வேலை செய்த இடத்தின் தூசியைத் தின்ற சுமைதூக்கிகளும் இங்கே இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் மின்சாரமும் பெட்ரோலும் உரமும் இந்தப் பக்கத்திலிருந்து போகின்றன. ஊர்க்குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோதும் நெடி மூக்கில் ஏறிய பிறகுதான் மக்கள் எழுந்து ஓடினார்கள். விபத்துக்கு முன்னறிவிப்பு தர முடியாது என்பீர்கள். சரி. புகை வண்டி விபத்தல்ல. அது எந்தத் தெருவுக்கு எப்போது போகும் என்று உங்கள் அலுவலகத்தில் எழுதியே வைத்திருக்கிறீர்கள். அந்தத் தாளைத் தெருவுக்குக் காட்ட மறுப்பதுதான் எங்களைக் கோபப்படுத்துகிறது.

நோய் திடீரென முற்றுவதற்கு எல்லா நேரமும் நீங்களே காரணம் என்று சொல்லவில்லை. சளிக்காய்ச்சல் கிருமிகள்தான் அடிக்கடி தூண்டுகின்றன. அதற்குத் தடுப்பூசியும் கைகழுவலும் எங்கள் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு முறை முற்றித் தேறும்போதும் பலரின் நுரையீரல் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. தவிர்க்கக்கூடிய ஒன்றையாவது தவிர்க்க விடுங்கள்.

ஆகவே தயவுசெய்து, புகை அடிக்கும் தெருவையும் மணியையும் முதல் நாள் மாலைக்குள் ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆட்டோவில் ஒருமுறை மைக்கில் சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். மூச்சு நோயாளிகளின் வீட்டுப் பட்டியலையும் அவர்களிடம் கொடுத்தால் நேரிலேயே சொல்லிவிடுவார்கள். அறிவிப்பின் அடியில் இதையும் அச்சிடுங்கள்: வழக்கத்தைவிட இளைப்பு கூடினாலோ, சளி அதிகமானாலோ, அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ இரண்டு நாள் பொறுக்காமல் மருத்துவரைப் பாருங்கள், உதடு நீலமானாலோ, பேச்சு முழுதாக வராவிட்டாலோ, குழப்பமாக உளறினாலோ உடனே 108.

அடுத்த சுற்றுப் புகைக்கு முன்பாவது முதல் நாளே சொல்லுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மூச்சு நோயாளிகளோடு பணிபுரிவோர்,
வடசென்னை