விதியை மாற்றும்போது காரணத்தையும் விதிப் புத்தகத்திலேயே அச்சிடுங்கள்

சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் வண்டியோட்டப் பிரிவுக் குழுவினருக்கு,

வணக்கம். நான் நெதர்லாந்தில் வசிக்கும் தமிழன். குதிரை வண்டிப் போட்டிகளில் மாரத்தான் நாளன்று, அதாவது நீண்ட பாதையில் ஓட்டி வழியிலுள்ள தடைகளைக் கடக்கும் சுற்றின்போது, ஒரு தடையின் ஓரமாக நின்று நேரம் குறிக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். தடை என்பது கம்பங்களுக்கு நடுவே வாயில்கள் அமைத்த இடம்; வண்டி அவற்றுக்குள் புகுந்து வர வேண்டும். ஜனவரி 1 அன்று புதிய விதி மாற்றங்கள் நடைமுறைக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குள் எழும் கேள்வி ஒன்றுதான்: மாறியது சரி, ஏன் மாறியது? அதைப் பற்றித்தான் இந்த மடல். இந்த விளையாட்டைப் பார்த்திராத தமிழ் வாசகர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போட்டிக்குப் பொதுவான விதிகள் உருவானது, பிரிட்டன் இளவரசர் பிலிப் உங்கள் கூட்டமைப்பின் தலைவராக இருந்த காலத்தில். 1971இல் புடாபெஸ்டில் முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், மறு ஆண்டே ஜெர்மனியின் மூன்ஸ்டரில் முதல் உலக சாம்பியன்ஷிப். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை அப்படியே இருக்கிறது: முதலில் டிரஸ்ஸாஜ் (குதிரைகளின் நடையையும் கட்டுப்பாட்டையும் நடுவர்கள் மதிப்பிடும் சுற்று), அப்புறம் மாரத்தான், அப்புறம் கோன்களுக்கு, அதாவது கூம்புகளுக்கு, நடுவே ஓட்டுவது. எல்லாவற்றின் தண்டப்புள்ளிகளையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். உள்ளே இருக்கும் நுணுக்கங்கள்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஐந்து பகுதிகளாக நடந்த மாரத்தான் இன்று சுருங்கிவிட்டது. விதிகள் மாறவே கூடாது என்று நான் கேட்கவில்லை. குதிரையின் நலனுக்காக ஒரு விதியை ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருந்தாலும் திருத்துங்கள்.

ஆனால் ஒரு சின்ன எண் மாறினால் களத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மாரத்தான் தடைக்குள் செலவாகும் ஒவ்வொரு நொடிக்கும் இப்போது 0.25 தண்டப்புள்ளி. முன்பு அது 0.2. தடையின் கம்பத்தின் மேல் இருக்கும் பந்தைத் தட்டிவிட்டால் 2 தண்டப்புள்ளி. நொடிக்கு 0.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பந்து 10 நொடிக்குச் சமம். 0.25 என்றால் 8 நொடிக்குத்தான் சமம். பந்துக்கான விதியில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. பந்தைத் தட்டுவதற்கான தண்டனையின் மதிப்பு தானாகக் குறைந்துவிடுகிறது.

வண்டியோட்டி இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் தடைக்குள் நுழைகிறார். சுற்றிப் போனால் பந்து தப்பும், நேரம் போகும். குறுக்கே போனால் நேரம் மிச்சம், ஆனால் திருப்பம் இறுகும். நான்கு குதிரை வண்டியில் முன் ஜோடி ஒரு வாயிலைத் தாண்டி அடுத்த பக்கம் திரும்பியிருக்கும்போது பின் ஜோடி இன்னும் வாயிலுக்குள்தான் இருக்கும். சக்கரம் அதற்கும் பின்னால். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பின்னால் நிற்கும் துணையாட்கள் இருவரும் தங்கள் உடல் எடையை மறுபக்கம் சாய்க்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில், நொடியின் விலையைக் கூட்டுவது என்பது திருப்பத்தை இன்னும் இறுக்கச் சொல்வதுதான். நீங்கள் விரும்பியது அதுவா, வேறு ஏதாவதா? காரணம் தெரிந்தால் பயிற்சியாளர் அதற்கேற்பக் குதிரைகளைத் தயார் செய்வார். தெரியாவிட்டால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு ஊகம் செய்வார்கள்.

காரணத்தை நீங்கள் எழுதுவதே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. உறுப்பு நாடுகளின் பார்வைக்கு அனுப்பும் வரைவுகளில், மாற்றத்தின் பக்கத்திலேயே விளக்கம் இருக்கிறது. பொதுச்சபையில் வாக்களித்து முடிந்து இறுதிப் புத்தகம் வரும்போது அந்த விளக்கம் காணாமல் போய்விடுகிறது. எது நீங்கியது, எது சேர்ந்தது என்று குறித்துக் காட்டும் பிரதி கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் போட்டி நாளன்று நடுவர் கையிலும் கிளப் அலுவலகத்திலும் இருப்பது இறுதிப் புத்தகம். வரைவைத் தேடிப் படிப்பவர்கள் மிகச் சிலர். ஏற்கெனவே எழுதிவைத்த இரண்டு வரிகளை இறுதிப் பிரதியின் பின்னிணைப்பில் சேர்ப்பது பெரிய வேலையாகாது.

படமும் வேண்டும். எங்கள் பக்கம் புதிதாக வரும் தன்னார்வலரைக் குழப்பும் விதி எது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: வாயில்களின் வரிசை. தடைக்குள் ஏ முதல் எஃப் வரை வாயில்கள். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம் வரும்படி வரிசையாக ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்த வாயிலுக்குள் அப்புறம் எந்தத் திசையிலும் போகலாம். இன்னும் முறை வராத வாயிலுக்குள் நுழைந்தால் பிழை. திரும்பி வந்து சரிசெய்தாலும் 20 தண்டப்புள்ளி. இதை வாயால் விளக்கினால் தலைசுற்றும். ஒரு கோட்டுப் படம் போட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஹங்கேரியிலும் போலந்திலும் இங்கேயும் தடை ஓரம் நிற்கும் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி அல்லது மூன்றாம் மொழி. விதி வாசகம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், படம் எட்டும் இடத்துக்கு அது எட்டாது.

கடைசியாக, வண்டியின் அளவுகள். நான்கு குதிரைப் பிரிவில் டிரஸ்ஸாஜுக்கும் கோன்களுக்கும் சக்கர இடைவெளி, அதாவது இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், குறைந்தது 158 சென்டிமீட்டர். மாரத்தானுக்குக் குறைந்தது 125 சென்டிமீட்டரும், வண்டிக்குக் குறைந்தது 600 கிலோ எடையும். இந்த மாதிரியான எண்களில் கைவைப்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பில் கைவைப்பது. தண்டப்புள்ளியை மாற்றினால் பழகிக்கொள்ளலாம். வண்டியை மாற்றச் சொன்னால் பட்டறைக்குத்தான் போக வேண்டும், அல்லது புதிதாக வாங்க வேண்டும். உலகக் கோப்பை ஓட்டுபவர்களுக்கு ஆதரவு நிறுவனங்கள் இருக்கலாம். பண்ணை வேலைக்கு நடுவே தன் குதிரையைப் பழக்கிக்கொண்டு வாரக்கடைசியில் போட்டிக்கு வருபவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே, ஓட்டுநரின் பாதுகாப்புக்கோ குதிரையின் உடல்நலத்துக்கோ உடனே செய்தாக வேண்டிய மாற்றங்களை உடனே செய்யுங்கள். வண்டி, சேணம் சார்ந்த மற்ற மாற்றங்களுக்கு ஒரு முழுப் பருவமாவது அவகாசம் கொடுங்கள், எந்தத் தேதியிலிருந்து கட்டாயம் என்பதை அதே பக்கத்தில் தெளிவாகப் போடுங்கள். நடுவர்களிடமிருந்தும் தன்னார்வலர்களிடமிருந்தும் வரும் சந்தேகங்களுக்கு நீங்கள் தரும் பதில்களை, வசந்தகாலப் போட்டிகள் தொடங்கும் முன் ஒரே இடத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். படங்களை உள்ளூர் மொழிகளில் விளக்க ஆள் தேவைப்பட்டால், எங்களில் பலர் கூலி கேட்காமல் செய்யத் தயாராக இருக்கிறோம்.

மரியாதையுடன்,
மாரத்தான் தடையில் நேரம் குறிக்கும் ஒரு தன்னார்வலர்