ஆறு மாத ஹோட்டல் அறை: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வேலை முடியும்வரை ஆறு மாதமும் ஹோட்டலிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உன் அப்பா, "நல்லதாயிற்று, கூட்டிப் பெருக்கும் வேலை மிச்சம்" என்றார். அந்தக் கூட்டிப் பெருக்கும் வேலையை ஹோட்டலில் முதலில் நானே செய்தேன், பிறகு பணி ஓய்வு வரைக்கும் மற்றவர்களைச் செய்ய வைத்தேன். ஆகையால் எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை. அறையின் உள்பக்கத்தை விருந்தினர் பார்ப்பது ஒரு விதம், அறையைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் பிரிவு பார்ப்பது வேறு விதம். இந்தக் கடிதம் இரண்டாவது விதத்தில் எழுதியது.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே, முன்பு ஒருவர் இங்கே இருந்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியவே கூடாது என்பதுதான். தலையணையில் பள்ளம் கூடாது, குளியலறையில் ஒரு முடி கூடாது, மேசையில் கோப்பை வைத்த வட்டம் கூடாது. இரண்டு நாள் தங்குபவருக்கு இது சுகம். ஆறு மாதம் தங்குபவரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே வருவார்கள். காலையில் நீ கலைத்துவிட்டுப் போவாய். மாலையில் வரும்போது நீ அங்கே இருந்ததற்கான அடையாளமே இருக்காது. "தற்காலிகம்தானே" என்று நீ எழுதியிருந்தாய். ஆறு மாதத்தை அப்படிச் சொல்லாதே. முதல் நாளிலிருந்தே குடியிருப்பவனாக நடந்துகொள்.

முதலில் காகிதம். எத்தனை நாள், எந்த அறை, என்ன கட்டணம், இடையில் மாற்றுவார்களா, இவை எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடு. ரிசப்ஷனில் சிரித்துக்கொண்டே "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பார்கள். விழாக்காலமோ பெரிய மாநாடோ வந்தால் அந்தச் சிரிப்பு உன்னைப் பார்த்துக்கொள்ளாது. ஹோவர்ட் ஹியூஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் 1966 நவம்பரில் லாஸ் வேகஸில் டெஸர்ட் இன் ஹோட்டலின் மேல்தளத்தில் போய்த் தங்கினார். புத்தாண்டுக்கு வரும் பெரிய சூதாட்டக்காரர்களுக்கு அறை வேண்டும், காலி செய்யுங்கள் என்றது நிர்வாகம். அவர் காலி செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஹோட்டலையே வாங்கிவிட்டார். உன் சம்பளத்துக்கு மின்னஞ்சல்தான் சரிவரும்.

நீண்ட நாள் தங்குபவருக்கெனத் தனிச் சட்டங்களும் உண்டு. அவை ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் ஒருவர் தொடர்ந்து தங்கினால் 29ஆம் நாளிலிருந்து மதிப்புக்கூட்டு வரியைக் குறைந்த மதிப்பின் மேல்தான் கணக்கிடுவார்கள். கலிஃபோர்னியாவில் 30 நாளைத் தாண்டினால் வாடகைதாரருக்குரிய உரிமைகள் வரும். அவை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே சில விடுதிகள் 28ஆம் நாளில் ஆளை வெளியேற்றி, மறுபடி உள்ளே விட்டு விளையாடின. அதைத் தடுக்கவே அங்கே தனியாகச் சட்டம் இருக்கிறது. நீ இருக்கும் இடத்தில் என்ன விதி என்று உன் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் கேள். ஒரு நாள் இடைவெளி விட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கக்கூடும். வெளியூர் போகும் நாட்களிலும் அறையை விடுவதா, வைத்துக்கொள்வதா என்று யோசித்துவிட்டே முடிவு செய்.

பில்லை வாரத்துக்கு ஒரு முறை வாங்கிப் படி. ஹோட்டலின் ஒரு நாள் நடு இரவில் முடிவதில்லை. அதிகாலையில் இரவுத் தணிக்கை என்று ஒருவர் உட்கார்ந்து எல்லா அறைகளின் கணக்கையும் மூடுவார். பக்கத்து அறைக்காரரின் சலவைக் கட்டணம் உன் அறையில் ஏறுவது பெரும்பாலும் அந்த நேரத்துக்கு முன்னால் நடக்கும் அவசரத்தில்தான். ஒரு வாரத்துப் பிழையை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். ஆறு மாதத்துப் பிழையை யாரும் நம்ப மாட்டார்கள். அறைக் கட்டணம் நிறுவனத்தின் பெயரில், மற்றவை உன் பெயரில் என்று இரண்டு பில்லாகவே பிரிக்கச் சொல். உன் கார்டில் முன்பணமாகப் பிடித்துவைக்கும் தொகையையும் கவனி. நீண்ட தங்கலில் பழையதை விடுவிக்காமலே புதிதாக ஒன்றைப் பிடிப்பது உண்டு. சில இடங்களில் அறையின் குளிர்பெட்டியில் விற்பனைக்கு வைத்திருப்பதைத் தூக்கிப் பார்த்தாலே உணரிகள் கட்டணம் ஏற்றிவிடும். உள்ளே இருப்பதையெல்லாம் முதல் நாளே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடு, பெட்டி உனக்கு மிஞ்சும். ஆனால் மருந்தை அதில் நம்பி வைக்காதே. அந்தச் சிறு பெட்டிகள் பல போதிய அளவு குளிர்வதில்லை.

அறை விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். லிஃப்டுக்கு எதிரே வேண்டாம். துணிக்கிடங்கின் பக்கத்திலும் வேண்டாம். கதவில் எண் இருக்காது, ஆனால் விடிவதற்கு முன்பே தள்ளுவண்டிச் சத்தம் வரும், அதிலிருந்து கண்டுபிடிக்கலாம். விருந்து மண்டபத்துக்கு மேல்தளம் கூடாது, சமையலறைப் புகைப்போக்கி இருக்கும் பக்கம் கூடாது. திறக்கும் ஜன்னல் இருந்தால் காட்சி எப்படி இருந்தாலும் அதையே எடு. உண்மையான மேசையும் முதுகு சாயும் நாற்காலியும் கேள். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டு, கட்டிலிலேயே வேலை செய்து, கட்டிலிலேயே தூங்கினால் ஒரு மாதத்தில் தூக்கம் கெட்டுவிடும். பிடித்த அறை கிடைத்துவிட்டால் கடைசிவரை அதே அறை வேண்டும் என்று அடம் பிடி. புதிய இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது வெறும் பேச்சு இல்லை. மூளையின் ஒரு பாதி, இடப்பக்கம், காவலுக்கு நிற்பது போல அரைகுறையாக விழித்திருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அடிக்கடி அறை மாற்றினால் அந்த முதல் இரவு திரும்பத் திரும்ப வரும்.

உள்ளே போனதும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதே. முதலில் மெத்தையின் தையல் ஓரங்களையும், தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் கைவிளக்கு அடித்துப் பார். துருப் பிடித்தது போலச் சிறு புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அழுக்கான ஹோட்டலில்தான் அது வரும் என்று நினைக்காதே, விருந்தினரின் பெட்டியில் ஏறி எங்கும் வரும். உன் அறை மாறாவிட்டாலும் பக்கத்து அறைகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே இந்தச் சோதனையை அவ்வப்போது செய்.

சில நாள் வெளியே போய்விட்டு வந்தால் குழாயையும் ஷவரையும் கொஞ்ச நேரம் திறந்து விட்டுவிட்டு, அந்த நீராவியை முகத்தில் வாங்காமல் வெளியே வந்து நில். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். நுண்துளியாக மூச்சில் போனால் கடும் நிமோனியா தரும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய பிறகுதான் அந்த நோய்க்குப் பெயரே கிடைத்தது. யாரும் தங்காத அறைகளிலும் குழாயைத் திறந்துவிட்டு வரச் சொல்லி எங்களை அனுப்புவார்கள். வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே செய்த பெண்களை எனக்குத் தெரியும்.

இப்போது நெருப்பு. இதைச் சிரித்துக்கொண்டு தாண்டிவிடாதே. அட்லாண்டாவில் வைன்காஃப் என்ற 15 மாடி ஹோட்டல் இருந்தது. தீப்பிடிக்காது என்று விளம்பரம் செய்தார்கள். மாடிப்படி ஒன்றே ஒன்று, நீர்த்தெளிப்பான் கிடையாது. 1946 டிசம்பர் 7 அதிகாலையில் பிடித்த தீயில் 119 பேர் இறந்தார்கள். அந்த ஹோட்டலைக் கட்டிய வைன்காஃப் தம்பதியும் இறந்தார்கள். அவர்கள் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள். அந்த இடம் அவர்களுக்கு எவ்வளவு பழகியிருக்கும்! பழக்கம் யாரையும் கீழே இறக்காது. உன் கதவிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று கையால் தடவிக்கொண்டே எண்ணி வை; புகையில் கண் உதவாது. ஒரு முறை அந்தப் படியில் கீழ்வரை இறங்கிப் பார், கடைசிக் கதவு வெளியே திறக்கிறதா என்று தெரிய வேண்டும். தீயணைப்பு ஏணி எட்டும் உயரத்திலேயே அறை கேள். அறைக்குள் அடுப்பு எதையும் மறைத்து வைக்காதே. கெட்டிலில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் காய்ச்சாதே. அடுத்து வருபவர் அதில் குடிக்க வேண்டும். சமைத்துச் சாப்பிட ஆசையாக இருந்தால் சிறு சமையலறை உள்ள அறையைக் கேட்டு வாங்கு.

அறையைச் சுத்தம் செய்ய வருபவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் இத்தனை காலம் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை. ஒரு ஷிப்டில் ஒருவருக்குப் பதினைந்து அறைகள் வரை விழும். குப்பைக்கூடையில் இருப்பதை மட்டும் எறிய வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது என்பது விதி. அதனால் வேண்டாததைக் கூடையில் போடு, வேண்டியதைக் கூடையின் அருகே வைக்காதே. வெள்ளைச் சட்டையைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனால் படுக்கை விரிப்போடு சுருண்டு சலவைக்குப் போய்விடும். நாங்கள் திருடிவிட்டோம் என்று விருந்தினர் கத்திய பல சட்டைகள் மூன்றாம் நாள் விரிப்புகளுக்குள்ளிருந்து வெளிவந்தன. தினமும் சுத்தம் செய்யத் தேவையில்லை என்று சொல்லி, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களை அவர்களோடு பேசி வைத்துக்கொள். அவர்களுக்கும் சுமை குறையும், உன் மேசையும் நீ வைத்தபடியே இருக்கும். உன் சொந்தத் தலையணை உறை ஒன்றைப் போட்டு, அதைத் தொட வேண்டாம் என்று சொல். உன் கோப்பையை நீயே கழுவு. எல்லாவற்றையும் வேறொருவர் செய்துவிட்டால் நாளுக்கு ஓர் ஒழுங்கே இருக்காது.

ஆனால் "தொந்தரவு செய்யாதீர்" பலகையைக் கதவில் நிரந்தரமாக மாட்டி வைக்காதே. நிகோலா டெஸ்லா என்ற மின்சார விஞ்ஞானி தன் கடைசிக் காலத்தை, 1934 முதல், நியூயார்க்கர் ஹோட்டலின் 33ஆம் மாடியில் கழித்தார். 1943 ஜனவரியில் அவர் அறைக் கதவில் அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, பலகையை மீறி உள்ளே போன ஒரு பணிப்பெண்தான் அவர் இறந்து கிடந்ததைப் பார்த்தார். உலகமே அறிந்த மனிதர்; அவரைத் தேடி முதலில் வந்தது அறை துடைப்பவர். மற்றவர்கள் எப்படியோ, எனக்கு அந்தப் பெண்ணின் மேல் மரியாதை அதிகம். மாதக்கணக்கில் தங்கும் ஒருவர் வழக்கமான நேரத்தில் வெளியே வராவிட்டால் எங்களுக்குத்தான் முதலில் உறுத்தும். ஆகவே உன் தளத்தில் வேலை செய்பவர்களின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள். இரவு ரிசப்ஷனில் நிற்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசு. அங்கே எல்லோரும் புன்னகைப்பார்கள். அது சம்பளத்தின் ஒரு பகுதி. அதைத் தாண்டி "முகம் வாடியிருக்கிறதே, சாப்பிட்டீர்களா?" என்று கேட்க, அவர்களுக்கு நீ அறை எண்ணாக இல்லாமல் ஆளாகத் தெரிய வேண்டும்.

மாலை முழுவதும் அந்த அறையிலேயே அடைந்து கிடக்காதே. கோகோ ஷனேல் என்ற ஆடை வடிவமைப்பாளர் பாரிஸில் ரிட்ஸ் ஹோட்டலில் பல ஆண்டுகள் வாழ்ந்தார், 1971இல் இறந்ததும் அங்கேதான். ஆனால் அவர் அங்கே போனது தூங்கத்தான். நண்பர்களைப் பார்ப்பதும் வேலையும் ஹோட்டலுக்குப் பின்பக்கம், கம்போன் தெருவில் இருந்த அவருடைய இடத்தில். அவ்வளவு வசதி உள்ளவருக்கே ஓர் அறை போதவில்லை. நீ ஒரு நூலகமோ, பூங்காவோ, உடற்பயிற்சிக் கூடமோ பார்த்து வை. ஹோட்டலுக்குள்ளேயே இருக்கும் கூடம் கணக்கில் சேராது. அங்கே உன்னைப் போலவே நாளை போகிறவர்கள்தான் வருவார்கள்.

தபால் விஷயம் சின்னது, ஆனால் கழுத்தை அறுக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலேயே எல்லாப் பார்சலும் வர வேண்டும். செல்லப் பெயரில் வந்தால், "அப்படி யாரும் தங்கவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கிக்கும் அரசாங்கக் கடிதங்களுக்கும் உன் நிறுவன முகவரியையோ நம் வீட்டு முகவரியையோ கொடு. அறையில் இருக்கும் பாதுகாப்புப் பெட்டியை நிர்வாகத்தாலும் திறக்க முடியும் என்பதை மறக்காதே. ஹோட்டல் வைஃபையில் வங்கிக் கணக்குக்குள் நுழையாதே, அதற்கு உன் அலைபேசி இணைப்பையே பயன்படுத்து.

இந்த வாரத்துக்குள் மூன்று விஷயம் எனக்கு எழுது: அறை எண், ரிசப்ஷனின் நேரடித் தொலைபேசி எண், அவசரப் படிக்கட்டு உன் கதவிலிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது கதவு. மூன்றாவதை எண்ணாமலேயே எழுதிவிடலாம் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது திடீரென்று மறுபடியும் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா